பள்ளிக்கூடத்த யாரு செக் பண்றாங்க? அந்த ரிப்போர்ட் நமக்கு ஏன் வர்றதில்ல?

செங்காங் அம்மா:

வணக்கம். மகளுக்கு அடுத்த வருஷம் இங்க சிங்கப்பூர்ல தொடக்கநிலை ஒண்ணு. ஜூலைல ரெஜிஸ்ட்ரேஷன் வந்துடும், எங்களுக்கு ஃபேஸ் டூசி தான், பள்ளியோட எந்தத் தொடர்பும் இல்லாதவங்களுக்கான கட்டம், நானோ வீட்டுக்காரரோ இங்க படிச்சவங்க இல்ல, பேரண்ட் வாலண்டியரும் பண்ணல. வீட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள மூணு பள்ளி இருக்கு, எதுல போடறதுன்னு ரெண்டு பேரும் தினமும் ராத்திரி பேசிப் பேசி முடிவே வரல.

என் கேள்வி இதுதான். பள்ளி ஒழுங்கா நடக்குதான்னு யாராவது வந்து பார்ப்பாங்கல்ல, அந்த ரிப்போர்ட் எங்க கிடைக்கும்? கல்வி அமைச்சு வெப்சைட்ல தேடிட்டேன், பாடம் போக விளையாட்டு, சங்கம்னு சிசிஏ என்ன இருக்கு, எந்த பஸ் போகுது, எந்த தாய்மொழி சொல்லித்தர்றாங்க, எல்லாம் இருக்கு, தரம் பத்தி ஒரு வரி இல்ல. நான் படிச்சது புதுக்கோட்டை பக்கம் ஒரு அரசுப் பள்ளி. மாவட்டக் கல்வி அதிகாரி, டிஇஓ, இன்ஸ்பெக்‌ஷன்னா முந்தின நாள் பாடமே நடக்காது, கரியும் ஊமத்தை இலையும் அரைச்சு போர்டுக்குப் பூசுவோம், கை ரெண்டு நாளைக்கு கருப்பாவே இருக்கும். அவரு வந்து யாராவது ஒரு பிள்ளைய எழுப்பி வாய்ப்பாடு கேட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாரு. அது நல்ல முறைன்னு சொல்ல வரல. ஆனா ஒருத்தர் வந்து பார்த்தாருன்னு ஊருக்கே தெரியும். இங்க யாரு வர்றாங்க?

ஈசூன்வாசி:

அக்கா, பேரண்ட்ஸ் பார்க்கற மாதிரி ரிப்போர்ட் கிடையாது. கிட்டக்க இருக்கற பள்ளில போடுங்க, பிள்ளை காலைல அரைமணி நேரம் கூடுதலா தூங்கும். என் ரெண்டு பசங்களுக்கும் அப்படித்தான் பண்ணோம், ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க.

பழைய ஆசிரியர்:

செங்காங் அம்மா, நான் 1981ல வேலைக்குச் சேர்ந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல தமிழ் சொல்லிக் கொடுத்தவன். உங்க கேள்விக்கு கொஞ்சம் பின்னாடிலேர்ந்து வந்தாத்தான் பதில் புரியும், பொறுத்துக்குங்க.

1979ல, அப்ப துணைப் பிரதமரா இருந்த கோ கெங் சுவீயோட கல்வி அறிக்கை வந்துச்சு. அவர் கூட்டிட்டு வந்த குழுவுல பெரும்பாலும் சிஸ்டம்ஸ் இன்ஜினியருங்க. ஒரு தொழிற்சாலைய பார்க்கற மாதிரி எத்தன பிள்ளைங்க உள்ள வர்றாங்க, எத்தன பேர் பாதியில நிக்கறாங்க, எத்தன பேருக்கு ரெண்டு மொழியும் வருதுன்னு கணக்கு எடுத்தாங்க. ரெண்டு மொழியிலயும் குறைஞ்சபட்ச தேர்ச்சி வந்தவங்க நாப்பது சதவீதம் கூட இல்லன்னு அதுல வந்துச்சு. அந்த அதிர்ச்சியிலதான் பிள்ளைங்கள பிரிச்சுப் படிக்க வைக்கற ஸ்ட்ரீமிங் வந்துச்சு, அமைச்சுலேர்ந்து ஆளுங்க பள்ளிக்கு வந்து பார்க்கற முறையும் 80கள்ல இறுகிச்சு. அந்த இன்ஸ்பெக்‌ஷன நான் அனுபவிச்சிருக்கேன். நாலஞ்சு பேர் வருவாங்க, சில நாள் இருப்பாங்க, வகுப்புக்குப் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்துப்பாங்க. கட்டுரை நோட்ட வாங்கி நான் சிவப்பு மையில திருத்தினது சரியான்னு பார்ப்பாங்க. ஒருதரம் வந்தவரு ஒரு பிள்ளையோட நோட்டுல நான் விட்டுட்ட ஒரு ஒற்றுப்பிழைய காட்டினாரு, இன்னிக்கு வரைக்கும் அந்த இடத்துல எனக்கு தப்பு வர்றதில்ல. ஆனா இன்னொருத்தர் வந்தா வேற மாதிரி பார்ப்பாரு. வர்ற ஆளப் பொறுத்து பள்ளியோட பேரு மாறும், அதுதான் அந்த முறையோட குறை.

2000ல அத மாத்திட்டாங்க. ஸ்கூல் எக்ஸலன்ஸ் மாடல், எஸ்இஎம்னு சொல்லுவோம். கம்பெனிகளுக்கு இருக்கற சிங்கப்பூர் குவாலிட்டி அவார்ட், ஐரோப்பாவோட ஈஎஃப்க்யூஎம், அமெரிக்காவோட பால்ட்ரிஜ், இதெல்லாத்தையும் வச்சு பள்ளிக்கூடத்துக்குத் தகுந்த மாதிரி செஞ்சது. மொத்தம் ஒம்பது அம்சம். தலைமைத்துவம், ஊழியர், திட்டம், வளம், மாணவர மையமா வச்சு என்ன செய்றீங்க, இதெல்லாம் ஒரு பக்கம், அதுலேர்ந்து என்ன விளைஞ்சதுங்கறது இன்னொரு பக்கம். பள்ளி தன்னைத்தானே வருஷா வருஷம் மதிப்பிட்டுக்கணும், அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதரம் வெளியிலேர்ந்து ஒரு குழு வந்து அது உண்மையான்னு சரி பார்க்கும். அதுக்குப் பேரு எக்ஸ்டர்னல் வேலிடேஷன். இதுபோக 1997லேர்ந்து கிளஸ்டர்னு ஒண்ணு இருக்கு, ஒரு டஜன் பள்ளி மாதிரி சேர்த்து ஒரு சூப்பரின்டெண்டண்ட், பிரின்சிபல மதிப்பிடறது வழிகாட்டறது எல்லாம் அவங்கதான்.

அதனால யாரும் பார்க்கறதில்லன்னு நினைக்காதீங்க மா. பார்க்கறாங்க. நமக்குக் காட்டறதில்ல, அவ்வளவுதான்.

பாத்தோக் அப்பா:

சார் சொன்ன கடைசி வரியிலதான் எனக்குப் பிரச்சினை. வரிப்பணத்துல நடக்கற பள்ளி, வரிப்பணத்துல நடக்கற வேலிடேஷன், அதுல வந்த முடிவு மட்டும் ஏன் நமக்கு வரக்கூடாது?

பாலர் பள்ளிய எடுத்துக்குங்க. அதப் பார்த்துக்கற அரசு அமைப்பு ஈசிடிஏ லைசென்ஸ் கொடுக்குது, அதுக்கு மேல ஸ்பார்க்னு தரச் சான்று 2011லேர்ந்து இருக்கு, வாங்கின பள்ளி வாசல்லயே மாட்டி வச்சிருக்காங்க, நாம பார்த்துட்டு சேர்க்கறோம். தனியார் கல்வி நிலையம்னா எடுட்ரஸ்ட் சான்று இருக்கா இல்லையான்னு கேட்டுட்டுத்தான் பணம் கட்டறோம். நாலு வயசுக்கும் இருபது வயசுக்கும் சான்று பார்க்கலாம், நடுவுல பிள்ளை பத்து வருஷம் இருக்கப்போற பள்ளிக்கு மட்டும் பார்க்கக்கூடாதா?

இன்னொண்ணும் சொல்றேன். அவங்க காட்டலன்னா நாம சும்மா இருக்கறோமா? டூசில எந்தப் பள்ளிக்கு இடம் பத்தாம பாலட்டிங், அதாவது குலுக்கல், போச்சு, ஒரு இடத்துக்கு எத்தன பேரு, இத வச்சு ஒரு பட்டியல் போட்டு வாட்ஸ்அப்ல சுத்துது. பாலட்டிங் போன பள்ளின்னா நல்ல பள்ளின்னு அர்த்தமா? பக்கத்துல புது எச்டிபி அடுக்குமாடி பிளாக் நிறைய வந்திருந்தா கூட பாலட்டிங் வரும். உண்மையான தகவல் இல்லாத இடத்துல இந்த மாதிரி அரைகுறை தகவல்தான் உக்காரும்.

செங்காங் அம்மா:

சார், ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. ஆனா பாத்தோக் அண்ணா கேட்டதுதான் என் மனசுலயும் ஓடுது. மகளோட பாலர் பள்ளிய நாங்க ஸ்பார்க் பார்த்துத்தான் எடுத்தோம்.

நாரிச்லேர்ந்து வந்தவள்:

நாங்க இங்கிலாந்துல ஒம்பது வருஷம் இருந்துட்டு போன வருஷம்தான் திரும்பி வந்தோம். ரிப்போர்ட்ட வெளியில விட்டா என்ன ஆகும்னு கண்ணால பார்த்துட்டு வந்திருக்கேன், அதனால சொல்றேன்.

அங்க ஆஃப்ஸ்டெட்னு ஒரு அமைப்பு, 1992ல வந்தது. முந்தின நாள்தான் பள்ளிக்கு ஃபோன் வரும், மறுநாள் வந்து நிப்பாங்க. முடிவு முழுசா வெளியில வரும், யாரும் படிக்கலாம், நானும் படிச்சேன், உண்மையிலேயே பிரயோஜனமா இருந்துச்சு. படிக்கக் கஷ்டப்படற பிள்ளைங்கள எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு எழுதியிருப்பாங்க, பிரேக் நேரத்துல பிள்ளைங்க பயமில்லாம இருக்காங்களான்னு எழுதியிருப்பாங்க. ஆனா யாரு அத முழுசா படிக்கறா? மேல ஒரே ஒரு வார்த்தை இருக்கும், அவுட்ஸ்டாண்டிங், குட், அந்த மாதிரி நாலுல ஒண்ணு. வீடு விக்கற ஏஜெண்ட் கூட அந்த ஒரு வார்த்தைய போட்டுத்தான் விளம்பரம் பண்ணுவாரு. வசதி இருக்கறவங்க அந்தப் பள்ளிகிட்ட வீடு வாங்குவாங்க, இல்லாதவங்க தள்ளிப் போவாங்க.

அதுலயும் ஒரு கூத்து என்னன்னா அவுட்ஸ்டாண்டிங் வாங்கின பள்ளிக்கு வழக்கமான இன்ஸ்பெக்‌ஷன்லேர்ந்து விலக்கு கொடுத்துட்டாங்க, 2020 வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு. பத்து வருஷத்துக்கு மேல யாருமே எட்டிப் பார்க்காத பள்ளியெல்லாம் அந்தப் பேர வச்சுட்டு இருந்துச்சு, நாங்க அத நம்பினோம்.

2023 ஜனவரில ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர், அவங்க பள்ளிய ஆகக் கீழ்த் தரத்துக்கு இறக்கப்போறாங்கன்னு தெரிஞ்சதுக்கப்புறம் உயிர விட்டுட்டாங்க. அந்த இன்ஸ்பெக்‌ஷனும் ஒரு காரணம்னு அந்த வருஷக் கடைசில கொரோனர் தீர்ப்பே சொல்லிச்சு. நாங்க இருந்த ஊர்லயும் பேரண்ட்ஸ் எல்லாம் அதப் பத்தி பேசி அழுதோம். 2024 செப்டம்பர்ல அந்த ஒத்த வார்த்தை தீர்ப்ப அரசுப் பள்ளிகளுக்கு எடுத்துட்டாங்க. ஒரு உசுரு போனதுக்கப்புறம்.

பாத்தோக் அண்ணா, உங்க கேள்வி நியாயமான கேள்வி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ரிப்போர்ட்ட கொடுங்கன்னு கேக்கும்போது அந்த ஒத்த வார்த்தையத்தான் நம்ம எல்லாரும் தேடப்போறோம், அத யோசிச்சுப் பாருங்க.

வேலிடேஷன் வருஷம்:

நான் இப்பவும் பள்ளியில இருக்கேன், அதனால பேரெல்லாம் வேணாம்.

வேலிடேஷன் வருஷம்னா எங்க ஆளுங்களுக்கு ஒரு தனி காலண்டர். குழு வர்றதுக்கு பல மாசம் முன்னாடியே எவிடென்ஸ் சேர்க்க ஆரம்பிப்போம். நாங்க இத செஞ்சோம்னு வாயால சொன்னா மார்க் கிடையாது, திட்டம் இருக்கணும், எல்லா வகுப்புலயும் செஞ்சிருக்கணும், செஞ்சத திரும்பிப் பார்த்து மாத்தியிருக்கணும், விளைவுன்னா மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்து டிரெண்ட் காட்டணும். யோசனை நல்ல யோசனைதான். எங்க பள்ளி உண்மையிலேயே உக்காந்து யோசிச்ச விஷயங்கள் அதனாலதான் நடந்துச்சு, உதாரணத்துக்கு ஏன் நாலாம் வகுப்புலேர்ந்து மலாய் பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்களும் கணக்குல பின்தங்கறாங்கன்னு முதல்தரம் எண்கள வச்சுப் பார்த்தது அப்பதான். அதே சமயம் வாசிப்பு வாரம் நடத்தறப்ப பிள்ளை என்ன வாசிக்கிதுன்னு பார்க்கறத விட்டுட்டு ஃபோட்டோ எடுத்தாச்சான்னு பார்த்ததும் நாங்கதான். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபைல் தைச்ச நாள் உண்டு, என் பிள்ளை ஜுரத்துல படுத்திருந்தப்ப கூட நான் பள்ளியில இருந்தேன், அது இன்னும் மனசுல இருக்கு.

குழுவுல வர்றவங்க பத்தி ஒரு நல்ல விஷயம் சொல்லணும். அமைச்சு ஆளுங்களோட மத்த பள்ளி பிரின்சிபலும் வருவாங்க. வேலை தெரிஞ்சவங்க கேக்கற கேள்விக்கும் பேப்பர் பார்த்து கேக்கற கேள்விக்கும் வித்தியாசம் உடனே தெரியும். அவங்க கிட்ட நாங்க எங்க குறைய ஒளிக்காம சொன்னோம். வெளியில வராதுன்னு தெரிஞ்சதாலதான் சொன்னோம். நாளைக்கு அது வெப்சைட்ல வரும்னா ஒரு பள்ளியும் வாயத் திறக்காது, இது என் அனுபவம்.

பாத்தோக் அப்பா:

ரெண்டு பேர் சொல்றதும் புரியுது. ஆனா ஒரு சந்தேகம், ஒளிக்காம சொன்ன குறை அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் சரியாச்சான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? என் பிள்ளைக்கு அதுக்குள்ள தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிஎஸ்எல்இ, முடிஞ்சிடுமே.

பழைய ஆசிரியர்:

தம்பி, வெளியில போட்டுப் பார்த்த காலமும் நம்ம கிட்ட உண்டு. 1992லேர்ந்து உயர்நிலைப்பள்ளிகள வரிசைப்படுத்தி பேப்பர்ல போட்டாங்க. காலைல ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் வந்ததும் யாரும் பேச மாட்டோம். மூணு இடம் இறங்கிட்டா வீட்டுல இழவு விழுந்த மாதிரி இருக்கும். 2004ல அந்த நேரடி வரிசைய எடுத்துட்டு பேண்ட் பேண்டா போட்டாங்க, 2012ல ஹெங் சுவீ கியட் அமைச்சரா இருக்கறப்ப அந்த பேண்டிங்கும் போச்சு, அந்த வருஷத்துலேர்ந்து பிஎஸ்எல்இ முதல் மாணவர் யாருன்னு அமைச்சு பேர் வெளியிடறதையும் நிறுத்திட்டாங்க.

அந்த வரிசைக் காலத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இலக்கியத்துல டிஸ்டிங்ஷன் வாங்கறது கஷ்டம், அதனால பிள்ளைங்கள இலக்கியம் எடுக்காதேன்னு திருப்பி விட்டாங்க. ஆங்கில இலக்கியத்துக்கு ஆனது எல்லாருக்கும் தெரியும், தமிழ் இலக்கியத்துக்கு ஆனத யாரு பேசினா? நான் இருந்த ஒரு பள்ளியில ஒரு பையன், புறநானூறு ஒரு பாட்ட ஒருதரம் சொன்னா மறுநாள் மனப்பாடமா ஒப்பிப்பான், அவ்வளவு ஆசை. அவனுக்கு ஏ ஒன் வராது பி த்ரீ தான் வரும்னு கணக்குப் போட்டு வேற பாடத்துக்கு மாத்திட்டாங்க. நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன், எதிர்த்துப் பேசல. அது என் தப்பு, இன்னிக்கும் வருத்தப்படறேன்.

டாஃப் பையன்:

இத்தன வருஷத்துல இந்த மன்றத்துல படிக்க மட்டும்தான் செஞ்சிருக்கேன், இன்னிக்கு எழுதறேன். அந்த வரிசைல உடல் தகுதியும் ஒரு கணக்கு. அதே 1992லதான் ட்ரிம் அண்ட் ஃபிட், சுருக்கமா டாஃப் (TAF), திட்டமும் வந்துச்சு, எடை கூடின பிள்ளைங்க எத்தன சதவீதம்னு பள்ளிகள எண்ணினாங்க. நான் குண்டு. ரீசஸ்ல மத்தவங்க மீ கோரெங் சாப்பிடறப்ப நாங்க பத்து பதினஞ்சு பேரு திடல சுத்தி ஓடுவோம், எல்லாரும் பார்ப்பாங்க. TAFங்கற பேர திருப்பிப் போட்டா என்ன வருதுன்னு பசங்க கண்டுபிடிச்சு அதையே எங்களக் கூப்பிடுவாங்க. 2007ல திட்டத்த நிறுத்தினாங்க, நான் அப்ப நேஷனல் சர்வீஸ்ல இருந்தேன்.

எங்கள ஓட வச்ச பி.இ. டீச்சர் கெட்டவர் இல்ல. அவருக்கு மேலேர்ந்து ஒரு எண் வந்துச்சு, அந்த எண் குறையணும். இப்ப எனக்கே ஒரு பொண்ணு இருக்கா. அதனாலதான் எந்த எண்ண வெளியில போடுங்கன்னு யார் கேட்டாலும் எனக்கு வயித்தக் கலக்குது.

நாரிச்லேர்ந்து வந்தவள்:

தம்பி, எழுதினதுக்கு நன்றி. படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல.

தேக்கா மாமா:

எல்லாரும் ரொம்ப யோசிக்கறீங்க. நாடு நாடா பிள்ளைங்க படிப்ப ஒப்பிடற பிசா டெஸ்ட்ல நம்ம ஊருதான் முதல். 2022ல கணக்குல 575, வாசிப்புல 543, அறிவியல்ல 561, எம்பத்தியொரு நாடும் பகுதியும் சேர்ந்து எழுதினதுல மூணுலயும் நாமதான் மேல. வெளியாளு வந்து அளந்துட்டுப் போயிட்டான், இதுக்கு மேல என்ன இன்ஸ்பெக்‌ஷன் வேணும்? ஃபின்லாந்துல 90கள்லயே பள்ளி இன்ஸ்பெக்டர் வேலையவே எடுத்துட்டாங்க, டீச்சர நம்பி விட்டாங்க.

வேலிடேஷன் வருஷம்:

மாமா, பிசா நாட்ட அளக்குது, பள்ளிய அளக்கல. பதினஞ்சு வயசுப் பிள்ளைங்கள்ல சாம்பிள் எடுத்து எழுத வைக்கறாங்க. அதுல ஜெயிச்சது பெருமைதான், எனக்கும் பெருமைதான்.

ஆனா இங்க பிள்ளைங்க அத எந்த மொழியில எழுதறாங்க? இங்கிலீஷ்ல. உலகத்துலயே முதல் இடம்னு சொல்ற அந்தக் கணக்குல தமிழ் ஒரு எழுத்து கூட கிடையாது. வாசிப்புல 543ன்னா அது ஆங்கில வாசிப்பு.

பள்ளி மதிப்பீட்டுலயும் இதே கதைதான். நான் இருக்கற பள்ளியில ஒரு வகுப்பு நிலைக்கு இருநூத்தி சொச்சம் பிள்ளைங்க, தமிழ் எடுக்கறவங்க பதினொண்ணு. இந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன் வீட்டுல தமிழ்ல சண்டை போடறவன், ஒருத்தி பாட்டிகிட்ட மட்டும் பேசறவ, மூணு பேருக்கு வீட்டுல தமிழே இல்ல. எல்லாரும் ஒரே ரூம், ஒரே டீச்சர். இந்த வகுப்பு ரொம்ப நல்லா நடந்தாலும் ரொம்ப மோசமா நடந்தாலும் பள்ளியோட சராசரில கால் புள்ளி அசையாது. சராசரி பார்க்கற எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. தமிழ் டீச்சர் ஒருத்தர் நாலு மாசம் பிரசவ லீவுல போனா ரிலீஃப் யாரு வந்தாங்கன்னு எந்த விளக்கப்படத்துலயும் வராது, ஆனா அந்தப் பதினோரு பிள்ளைங்களுக்கு அந்த நாலு மாசம் ரிலீஃப் சொல்லித்தர்றதுதான் தமிழ்.

பழைய ஆசிரியர்:

இது முழுக்க சரி. தமிழ எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னு நாடு தழுவி உக்காந்து பார்த்திருக்காங்க, 2005ல தமிழ்ப் பாடத்திட்டத்துக்குன்னே ஒரு மறுஆய்வுக் குழு, 2010ல மூணு தாய்மொழிக்கும் சேர்த்து ஒண்ணு. அதுலேர்ந்துதான் பேச்சுத்தமிழுக்கு வகுப்புல இடம் கிடைச்சுது, வீடியோ பார்த்துட்டு பேசற வாய்மொழித் தேர்வு வந்துச்சு. உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துல ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நடக்குது. திட்டத்துல குறை சொல்ல மாட்டேன். ஆனா திட்டம் நாட்டுக்கு, வகுப்பு பள்ளிக்குள்ள. ரெண்டுக்கும் நடுவுல பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்து என் ஒற்றுப்பிழைய காட்டின அந்த ஆள் இருந்தாரே, தமிழ் தெரிஞ்ச ஆள், அவரத்தான் நான் தேடறேன்.

தம்பி பாத்தோக், என் கருத்து கேட்டா ரிப்போர்ட்ட பேப்பர்ல போட வேணாம். அந்தப் பள்ளியில ஏற்கனவே பிள்ளைய வச்சிருக்கற பேரண்ட்ஸ உக்கார வச்சு, போனதரம் இந்த மூணு குறை சொன்னாங்க, இதுல ரெண்ட சரி பண்ணிட்டோம், ஒண்ணு இன்னும் முடியலன்னு பிரின்சிபல் வாயால சொல்லட்டும். ஊருக்குச் சொன்னா பட்டியலாயிடும், பேரண்டுக்குச் சொன்னா பேச்சாயிடும்.

பாத்தோக் அப்பா:

இது நடந்தா எனக்குப் போதும் சார். உண்மையாவே போதும்.

செங்காங் அம்மா:

சரி, இப்போதைக்கு ரிப்போர்ட் இல்ல. நானே போய்ப் பார்க்கறேன். ஓபன் ஹவுஸ்ல என்ன கேக்கட்டும்? டீச்சர் அக்கா சொல்லுங்க ப்ளீஸ்.

வேலிடேஷன் வருஷம்:

ஹால்ல ஸ்லைடு போடுவாங்க, அது முடிஞ்சதும் கூட்டத்தோட போகாதீங்க. தமிழ் டீச்சர எங்க பார்க்கலாம்னு கேளுங்க. மூணு பேர் பெரிய புன்னகையோட வந்து எங்க கூட்டிட்டுப் போகலாம்னு யோசிச்சாங்கன்னா அதுவே ஒரு தகவல். இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல தமிழ் எத்தன பேரு, ரெண்டு வகுப்பா ஒண்ணா, வீட்டுல தமிழ் பேசாத பிள்ளைக்கு என்ன பண்றீங்க, டீச்சர் லீவுன்னா யாரு எடுப்பாங்க, இத டீச்சர்கிட்டயே கேளுங்க. அப்புறம் பிள்ளைங்க எழுதின நோட்டு ஒண்ணு பார்க்க முடியுமான்னு கேளுங்க. சுவத்துல ஒட்டியிருக்கறது வேணாம், நோட்டு. திருத்தினதுக்கு அப்புறம் பிள்ளை திரும்ப எழுதியிருக்கான்னு பாருங்க. சில பள்ளியில நோட்டு காட்ட முடியாதுன்னு சொல்லுவாங்க, தப்பில்ல, பிள்ளையோட நோட்டு.

செங்காங் அம்மா:

மூணுல ரெண்டு பள்ளிக்குப் போயிட்டு வந்துட்டேன்.

முதல் பள்ளி எல்லாரும் சொல்ற பள்ளி, பாலட்டிங் போற பள்ளி. ரோபாட்டிக்ஸ் ரூம் பார்த்து மகளுக்கு வெளிய வரவே மனசில்ல. தமிழ் டீச்சர கேட்டேன், இன்னிக்கு வரல, ஈமெயில் பண்ணுங்கன்னாங்க. பண்ணேன், மூணாம் நாள் பதில் வந்துச்சு, மரியாதையா நாலு வரி, ஆறு பிள்ளைங்க, ஒரு வகுப்பு.

ரெண்டாவது பள்ளி பேரே யாரும் சொல்றதில்ல, கொஞ்சம் பழைய கட்டடம். தமிழ் டீச்சர் கேண்டீன் ஓரமா ஒரு மேசை போட்டு உக்காந்திருந்தாங்க. பதினாலு பிள்ளைங்க. நான் நோட்டு கேட்டேன், பேர் இருக்கற பக்கத்த கையால மறைச்சுட்டு ஒரு பக்கம் காட்டினாங்க. பிள்ளை "அம்மா கடைக்கு போனார்"னு எழுதியிருந்துச்சு, டீச்சர் "போனார்"ல வட்டம் போட்டு ஓரத்துல "நீ அம்மாகிட்ட பேசறப்ப எப்படிச் சொல்லுவ?"ன்னு எழுதியிருந்தாங்க, அதுக்குக் கீழ பிள்ளை பென்சில்ல "போனாங்க"ன்னு எழுதியிருந்துச்சு. லீவுல போனா யாருன்னு கேட்டதுக்கு, போன வருஷம் ரெண்டு மாசம் சரியான ஆள் கிடைக்கல, பிள்ளைங்க பின்னாடி போயிட்டாங்க, இன்னும் அத சரி பண்ணிட்டுத்தான் இருக்கேன்னு அவங்களே சொன்னாங்க.

மூணாவது பள்ளி சனிக்கிழமை. பழைய ஆசிரியர் சார், நீங்க அப்பப்ப செங்காங் பக்கம் வர்றதுண்டுன்னு வேற இழையில சொல்லியிருந்தீங்க. சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு கூட வர முடியுமா? நோட்ட நீங்க பார்த்தா எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்.

பழைய ஆசிரியர்:

வர்றேன் மா. எல்ஆர்டி ஸ்டேஷன் கீழ நிக்கறேன், மகளையும் கூட்டிட்டு வாங்க.